தானே திறக்கும் வாயிற்கதவு

பழந்தமிழ் நாட்டு அரண்மனைகளிலே வாயிலோன் என்றொரு பணியாளன் இருந்தான். நீதி கேட்டு மதுரை அரண்மனையின் முன் வந்து நின்ற கண்ணகியைப் பாண்டியனுக்கு அறிவித்தவனும் ஒரு வாயிலோனே. அவன் ஆற்றிய பணி ஒன்றன்று, இரண்டு. வந்திருப்பவர் யார், எந்நிலையில் நிற்கின்றார் என்பதைக் கண்ணாற் கண்டு அறிவது முதற்பணி. கதவைத் திறப்பதும் அடைப்பதும் இரண்டாம் பணி. இவ்விரண்டையும் ஒருவனே செய்து வந்தமையால், இவை வெவ்வேறு பணிகள் என்ற நினைவே எவருக்கும் எழவில்லை.

இக்காலத்திலே அந்த இரண்டாம் பணியை இயந்திரத்திடம் ஒப்படைக்க மனிதர் விரும்புகின்றனர். கையிலுள்ள சிறு விசையை அழுத்தினால் வீட்டு வாயிற்கதவு தானே திறக்கின்றது. வாகனம் உள்ளே வந்ததும் தானே மூடிக்கொள்கின்றது. கதவைத் தள்ளும் வலிமை இயந்திரத்துக்கு உண்டு. ஆனால், கதவுக்கும் தூணுக்கும் நடுவே நிற்பது காற்றா, கன்றுக்குட்டியா, குழந்தையா என்று அறியும் ஆற்றல் அதற்கு இயல்பாக இல்லை. வாயிலோனின் கையை மட்டும் வாங்கிக்கொண்டு அவன் கண்ணை விட்டுவிட்டால் நேரக்கூடிய தீங்கு சிறிதன்று. இவ்வியந்திரத்தை வீட்டிலே பொருத்த எண்ணுவோர் முதலில் மனத்திற் கொள்ள வேண்டிய செய்தி இதுவே.

தானே திறக்கும் கதவு என்னும் ஆசை புதியதன்று. கி.பி. முதலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த ஹீரோ என்னும் அறிஞர், கோயிற் கதவு தானாகத் திறப்பதற்கு ஓர் அமைப்பைத் தம் நூலிலே விவரித்துள்ளார். பலிபீடத்தில் தீ மூட்டியதும் கீழேயுள்ள காற்றுச் சூடேறி விரியும். விரிந்த காற்று நீரைத் தள்ளி ஒரு வாளியை நிரப்பும். வாளியின் பாரம் கயிற்றை இழுக்கக் கதவின் சுழல்தூண்கள் திரும்பும். தீ அவிந்ததும் எதிர்ப்பாரம் கதவை அடைத்துவிடும். காண்போர் அதனைத் தெய்வச் செயல் என்று வியந்திருப்பர் அன்றோ?

நம் காலத்துக்கு அண்மையில் நடந்த மற்றொரு நிகழ்ச்சியும் நினைக்கத்தக்கது. 1954ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டின் தெக்சாஸ் மாநிலத்திலுள்ள கோர்ப்பஸ் கிறிஸ்தி என்னும் கடற்கரை நகரிலே, ஹோர்ட்டன், ஹியூவிட் என்னும் இருவர், தானியங்கிச் சறுக்குக் கதவு ஒன்றை அமைக்கும் எண்ணங் கொண்டனர். அவ்வூரிற் கடுங்காற்று வீசுவது வழக்கம். பிணைச்சலிலே சுழலும் கதவுகளைக் காற்றுப் பிடித்து அலைக்கழித்தமையே அவர்களை அந்த எண்ணத்துக்குத் தூண்டியது. 1960ஆம் ஆண்டில் அவ்வகைக் கதவு பயன்பாட்டுக்கு வந்தது. சுழலும் கதவுக்குக் காற்றே பெரும்பகை என்னும் உண்மை இதிலே அடங்கியிருக்கின்றது. அவ்வுண்மை மலைச்சாரலில் வீடு கட்டியிருப்போருக்கும் பொருந்தும்.

இனி, கேகாலை மாவட்டத்துத் தெரணியகலைக்கு வருவோம். சீதாவக்கை ஆறு பாயும் பள்ளத்தாக்கு. சுற்றிலும் தேயிலையும் இறப்பரும் வளரும் குன்றுகள். ஆண்டுக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை. தென்மேற்குப் பருவக்காற்று எழுந்துவிட்டால் நாட்கணக்கில் வானம் வெளுப்பதில்லை. பட்டினத்திலிருந்து தோட்டப்புறம் ஏறும் பாதையோரத்திலே வீடு கட்டிக் குடியிருக்கும், ஓய்வுபெற்ற பாடசாலை ஆசிரியர் ஒருவரின் குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஆசிரியருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. முழங்காலிலே வாதம். மழை இரவில் மருந்து வாங்கிக்கொண்டு காரில் திரும்பும்பொழுது, வண்டியைச் சரிவிலே நிறுத்தி, இறங்கி, நனைந்து, பாரமான இரட்டைக் கதவைத் திறந்து, மீண்டும் ஏறி உட்காருவது அவருக்குப் பெரும்பாடு. கொழும்பிலே தொழில் பார்க்கும் மகன், “அப்பா, கதவுக்கு ஒரு மோட்டர் போட்டுவிடுவோம், நீங்கள் வண்டியைவிட்டு இறங்கவே வேண்டாம்” என்கின்றான். ஆசிரியரின் மனைவிக்கோ வேறொரு கவலை. விடுமுறைக்கு வரும் நான்கு வயதுப் பேரன் கதவின் கம்பியிலே ஏறி ஊஞ்சலாடுபவன். “பிள்ளை கேட்டில் நின்றால் அந்த மோட்டருக்குத் தெரியுமா?” என்று அவர் கேட்கின்றார்.

மகன் சொல்வதும் நியாயம். தாய் கேட்பதும் நியாயம். இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவு செய்வதே திட்டமிடுதலின் நோக்கம்.

மோட்டர் வாங்கக் கடைக்குப் போகுமுன் செய்யவேண்டிய காரியம் ஒன்றுண்டு. இப்பொழுதுள்ள கதவைக் கையாலே தள்ளிப் பார்க்க வேண்டும். நன்றாகத் தொங்கவிடப்பட்ட கதவு, எவ்வளவு பாரமாயினும், ஒரு கையால் மெல்லத் தள்ள இசைந்து செல்லும். எந்த இடத்தில் விட்டாலும் அந்த இடத்திலேயே நிற்கும். நடுவழியிற் கிறீச்சிட்டு இறுகுவதும், விட்டவுடன் தானே ஓடுவதும் நோயின் அறிகுறிகள். பிணைச்சல் தேய்ந்திருக்கலாம், தூண் சரிந்திருக்கலாம், கதவின் சட்டம் தொய்ந்து நிலத்தை உரசலாம். மனிதன் தள்ளும்பொழுது இந்தக் குறைகளைக் கை உணர்ந்து, சற்றே உயர்த்தித் தள்ளிச் சமாளித்துக்கொள்ளும். இயந்திரம் அவ்வாறு சமாளிப்பதை அறியாது. குறையுள்ள கதவிலே பூட்டிய மோட்டர் அந்தக் குறையோடு நாள்தோறும் போராடி, விரைவிலே தானும் கெடும், தூணையும் கெடுக்கும். ஆகவே, முதற் செலவு மோட்டருக்கன்று, பிணைச்சலுக்கும் தூணுக்குமே.

தூணைப்பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். கதவின் விளிம்பைப் பிடித்துத் தள்ளினால் எளிதிலே நகர்கின்றது. பிணைச்சலுக்கு அருகிலே தள்ளினால் அசைய மறுக்கின்றது. சிறுவரும் அறிந்த நெம்புகோல் விதி இது. ஆனால் கதவுத் தூணிலே பொருத்தப்படும் மோட்டர், பிணைச்சலுக்கு அருகிலிருந்துதான் தள்ள முடியும். 2 மீற்றர் அகலமுள்ள கதவின் நடுவிலே, பிணைச்சலிலிருந்து 1 மீற்றர் தூரத்தில், 400 நியூட்டன் எதிர்ப்பு இருக்கின்றது என்று கொள்வோம். மோட்டரின் தள்ளுவிசை பிணைச்சலிலிருந்து 20 சென்ரிமீற்றர் நெம்புதூரத்திலே இயங்குமாயின், அது 2000 நியூட்டன் விசையோடு தள்ள வேண்டும். ஏறக்குறைய 200 கிலோகிராம் பாரத்துக்கு இது சமம். கதவைத் தள்ளும் அதே விசை, எதிர்த்திசையிலே தூணையும் தள்ளும் அல்லவா? வெறுங் கல்லும் சீமெந்துச் சாந்தும் கொண்டு அடுக்கிய தூண், நாளுக்குப் பத்துமுறை இத்தகைய இழுப்புக்கு ஆளானால் வெடிப்புக் காணும். தூணின் நடுவே இரும்புக்கம்பி இறக்கிக் கொங்கிறீற் நிரப்பி, அத்திவாரத்தையும் ஆழமாக அமைக்க வேண்டும். மழை நீர் ஊறி மண் இளகும் சரிவுகளிலே இஃது இன்றியமையாதது.

அடுத்த கேள்வி, கதவு எந்தப் பக்கம் திறப்பது என்பது. பாதைப் பக்கமாகத் திறக்கும் கதவு, வழிப்போக்கரையும் பாடசாலை செல்லும் பிள்ளைகளையும் தாக்கக்கூடும். பொதுப்பாதையின் இடத்தையும் அடைத்துக்கொள்ளும். ஆகவே உட்புறமாகத் திறப்பதே முறை. ஆயின், மலைநாட்டு வீடுகளிலே வாயிலிலிருந்து வீட்டுக்குச் செல்லும் வழி மேல்நோக்கி ஏறுவது வழக்கம். பத்துக்கு ஒன்று என்ற அளவிலே நிலம் ஏறுமாயின், 2 மீற்றர்க் கதவு முழுதும் உட்புறம் திறந்ததும் அதன் நுனி நிற்கும் இடத்தில் நிலம் 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கும். கதவின் அடிப்பாகம் நிலத்திலே முட்டிக்கொள்ளும். இதற்கு வழி என்ன? வாயிலுக்கு உட்புறத்து நிலத்தைச் சிறிது தூரம் வெட்டிச் சமப்படுத்தலாம்; அல்லது கதவின் அடியை உயர்த்தலாம். உயர்த்தினால் அந்த இடைவெளியால் நாய் புகும்; குழந்தையின் காலும் புகும். திறக்கும்பொழுது கதவை மேலே தூக்கும் தனிவகைப் பிணைச்சல்கள் உண்டு. ஆனால் பெரும்பாலான மோட்டர்களுக்கு அவை ஒத்துவருவதில்லை. மதிற்பக்கம் இடம் நீளமாக இருந்தால், சுழலும் கதவையே விடுத்துப் பக்கவாட்டிலே உருளும் கதவை அமைப்பது நன்று. ஒரு மட்டப்பலகையும் நூலும் கொண்டு அரைமணி நேரத்தில் அளந்து அறியக்கூடிய இந்தச் செய்தியை, மோட்டர் வாங்கிய பின்னர் அறிவோர் பலர்.

மூன்றாவது கேள்வி காற்றைப் பற்றியது. பாதையிற் செல்வோர் வீட்டினுள்ளே பார்க்கலாகாது என்பதற்காகக் கதவு முழுவதையும் தகட்டால் மூடுவது இப்பொழுது பரவிய வழக்கமாகிவிட்டது. 2 மீற்றர் அகலமும் ஒன்றரை மீற்றர் உயரமும் உள்ள கதவின் பரப்பு 3 சதுர மீற்றர். மணிக்கு 54 கிலோமீற்றர் வேகத்திலே காற்று நேராக அடிக்குமாயின், அப்பரப்பின்மீது விழும் அழுத்தம் 400 நியூட்டன் அளவுக்கு வந்துவிடும். ஏறக்குறைய 40 கிலோகிராம் பாரத்தைச் சாய்த்து வைத்ததுபோல் அது கதவை அழுத்தும். அந்தக் காற்றை எதிர்த்துக் கதவை நகர்த்த வேண்டுமாயின் மோட்டரின் விசையைக் கூட்ட வேண்டும்.

இங்கேதான் தாயின் கேள்வி மீண்டும் எழுகின்றது. விசையைக் கூட்டிய மோட்டர் காற்றை மட்டுமா தள்ளும்? குறுக்கே நிற்கும் பிள்ளையையும் அதே விசையோடு தள்ளும். தானியங்கிக் கதவுகளுக்கான ஐரோப்பியத் தரவிதி, மனிதர் அகப்பட்டு நசுங்கக்கூடிய ஒடுங்கிய இடைவெளியிலே கதவு மோதும் விசை 400 நியூட்டனைத் தாண்டலாகாது என்றும், முக்கால் விநாடிக்குள் அது 150 நியூட்டனுக்கு மேற்படாதவாறு தணிந்துவிட வேண்டும் என்றும் எல்லை வகுத்துள்ளது. தகடு போர்த்த கதவின்மீது ஒரு புயற்காற்று வீசினாலே அந்த எல்லை முழுவதும் காற்றுக்குச் செலவாகிவிடுகின்றது. காற்றை வெல்லும் வலிமையும் குழந்தையைக் காக்கும் மென்மையும் ஒரு கதவிலே ஒருங்கே அமைய வேண்டுமாயின், மோட்டரை வலிதாக்குவது வழியன்று. தகட்டை நீக்குவதே வழி. கம்பிகளுக்கிடையே காற்றுப் புகுந்து செல்லும் பழைய கதவமைப்பு, மறைப்புக் குறைந்ததாயினும் பாதுகாப்பு மிகுந்தது. மறைப்பு வேண்டுமென்போர் வாயிலுக்கு உட்புறம் சற்றுத் தள்ளிச் செடிவேலி வளர்க்கலாம். தெரணியகலை மழைக்குச் செடி வளர்வதற்கா குறைவு?

இவற்றையெல்லாம் முடித்த பின்னரே இயந்திரத்தின் வகையைத் தேர்தல் வேண்டும். சுழலும் கதவுக்குப் பொருத்தும் இயந்திரங்கள் பெரும்பாலும் மூன்று வகை. நீண்டு சுருங்கும் தண்டு ஒன்றினாலே கதவைத் தள்ளி இழுப்பது முதல் வகை. தூண் மிகத் தடிப்பில்லாத இடத்துக்கு அது ஏற்றது. மனிதனின் முழங்கை போல மடங்கி நீளும் கையையுடையது இரண்டாம் வகை. தூண் அகலமாயிருந்து, பிணைச்சல் உள்விளிம்பிலிருந்து தள்ளியிருக்கும் வாயிலுக்கு அது பொருந்தும். நிலத்தினுள்ளே பெட்டியிலே புதைத்துப் பிணைச்சலின் அடியிலிருந்து சுழற்றுவது மூன்றாம் வகை. பார்வைக்கு அழகியது அதுவே. ஏனெனில் இயந்திரம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மழை மிகுந்த மலைச்சரிவிலே நிலத்துள் வெட்டிய பெட்டியெல்லாம் கிணறாகும். நீர் வழிந்தோடக் குழாய் வைத்து, அக்குழாயை மண்ணும் சருகும் அடைக்காமற் காத்துவரக்கூடியோரே அதனை நாடலாம். மற்றையோருக்கு முதலிரு வகைகளே தக்கவை.

கதவு நிற்க வேண்டிய இடத்தைக் காட்ட, திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் நிலத்திலே உறுதியான தடுப்புக்கட்டைகள் வேண்டும். மோட்டரே நிறுத்திக்கொள்ளும் என்று விட்டுவிடலாகாது. இரட்டைக் கதவாயின், ஒன்றன்மீது ஒன்று படியும் விளிம்பு இருக்கும். எது முதலில் மூடுவது, எது பின்னர் மூடுவது என்ற ஒழுங்கையும் கட்டுப்பாட்டுப் பெட்டியிலே அமைத்துவிட வேண்டும். 2 மீற்றர்க் கதவு முழுதும் திறக்கும்பொழுது அதன் நுனி ஏறக்குறைய 3.14 மீற்றர் வளைந்து செல்லும். 16 விநாடியிலே திறக்குமாயின் நுனியின் வேகம் விநாடிக்கு 20 சென்ரிமீற்றர். இந்த வேகம் போதும். மழையிலே வண்டிக்குள் இருப்பவருக்கு 16 விநாடி பெரிதன்று; கதவருகே நிற்கும் முதியவருக்கோ விலகிக்கொள்ள அது பேருதவி.

மின்சாரத்தைப் பற்றிய திட்டம் அடுத்தது. இலங்கையிலே வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. கதவு மோட்டர்களில் அந்த மின்சாரத்திலேயே இயங்குவனவும் உண்டு. 24 வோல்ற்று நேரோட்டத்தில் இயங்குவனவும் உண்டு. வீடுகளுக்கு இரண்டாவதே சிறந்தது. அதற்குக் காரணம் மூன்று: அதன் வேகத்தையும் விசையையும் நுட்பமாகக் கட்டுப்படுத்தலாம், தடையை உணர்ந்து திரும்பச் செய்தல் எளிது, பற்றரியைக் கொண்டு மின்வெட்டுக் காலத்திலும் இயக்கலாம்.

மின்வெட்டு என்பது கற்பனையன்று. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியிலே நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் நிறுத்தப்பட்டதை எவரும் மறந்திருக்க மாட்டார். 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள் நாடு முழுவதும் இருண்டபொழுது, பாணந்துறை உபமின்நிலையத்திலே ஒரு குரங்கு புகுந்தமையே காரணம் என்று அறிவிக்கப்பட்டது. மரம் முறிந்து கம்பியின்மீது விழும் தோட்டப்புறத்திலே இவற்றைப் பெரிதாகச் சொல்லவும் வேண்டுமோ? 12 வோல்ற்று, 7 அம்பியர்-மணி கொண்ட பற்றரிகள் இரண்டைத் தொடராக இணைத்தால் அவற்றிலே ஏறக்குறைய 168 வாற்று-மணி மின்சாரம் அடங்கும். 80 வாற்று மோட்டர்கள் இரண்டு 16 விநாடி ஓடினாலும் ஒரு வாற்று-மணிகூடச் செலவாகாது. ஆனால், ஓடாமற் காத்திருக்கும் பொழுதும் கட்டுப்பாட்டுப் பெட்டி 5 வாற்று அளவிலே உண்டுகொண்டிருக்குமாயின், ஒரு நாளைக்கு 120 வாற்று-மணி போய்விடும். உழைப்புக்குச் செலவாவது சிறிது. காத்திருப்புக்குச் செலவாவதே பெரிது. ஆகவே இயந்திரம் வாங்கும்பொழுது, காத்திருக்கையில் எத்தனை வாற்று வேண்டும் என்று கேட்டறிவது அறிவுடைமை. பற்றரியும் என்றென்றும் உழைப்பதன்று; சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை மாற்றக் கணக்கிலே இடம் வைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டிலிருந்து வாயில்வரை செல்லும் கம்பியின் தடிப்பும் கருதத்தக்கது. 30 மீற்றர் தூரத்துக்கு, ஒன்றரைச் சதுர மில்லிமீற்றர்ச் செப்புக்கம்பியில், போவதும் வருவதுமாக 60 மீற்றருக்கு ஏறக்குறைய 0.7 ஓம் தடை உண்டு. 24 வோல்ற்று மின்சாரத்தை வீட்டிலிருந்தே அனுப்பினால், மோட்டர் 8 அம்பியர் இழுக்கும்பொழுது 5 வோல்ற்றுக்கு மேல் வழியிலேயே இழக்கப்படும். கதவு நடுவழியில் தளர்ந்து நிற்கும். இருப்பதைக் கெட்டுப்போன மோட்டர் என்று எண்ணி மாற்றுவோர், மாற்றிய பின்னும் அதே குறையைக் காண்பர். 230 வோல்ற்று மின்சாரத்தை, கவசமிட்ட கம்பியிலே நிலத்தடியாகக் கொண்டுவந்து, வாயிலருகே பெட்டிக்குள் 24 வோல்ற்றாக மாற்றுவதே சரியான முறை. இவ்வேலையைத் தகுதிபெற்ற மின்னியலாளரிடமே ஒப்படைத்தல் வேண்டும். ஈரமண்ணிலே செல்லும் இக்கம்பிக்கு, 30 மில்லியம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் தனி ஆளியும், நல்ல நிலத்தொடுப்பும் உயிர்க்காப்பு ஆகும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் தோறும் இடிமின்னல் முழங்கும் சபரகமுவப் பகுதியிலே, மின்னல் எழுச்சியைத் தாங்கும் காப்புக்கருவியையும் பெட்டியிலே சேர்ப்பது நலம். அப்பெட்டியின் துளைகளையெல்லாம் நன்கு அடைத்துவிட வேண்டும். எறும்பும் பல்லியும் வெப்பம் நாடி உள்ளே புகுந்து, மின்தொடுப்புகளிலே மாண்டு, விலையுயர்ந்த பலகையைக் கெடுத்துவிடுவது வெப்ப நாடுகளிலே காணும் காட்சி.

இனி, இயந்திரத்துக்குக் கண் கொடுக்கும் பகுதி. 2010ஆம் ஆண்டிலே பிரித்தானியாவில், ஜூன் மாத இறுதியிலும் ஜூலை மாதத் தொடக்கத்திலும், ஒரு வாரத்துக்குள்ளே, இருவேறு நகர்களில், இரு சிறுமியர் மின்விசையால் இயங்கும் வாயிற்கதவுகளில் நசுங்கி உயிரிழந்தனர். ஒருத்திக்கு வயது ஆறு, மற்றவளுக்கு ஐந்து. செல்வமும் விதிகளும் மிகுந்த நாட்டிலே இது நடந்தது. அதன் பின்னர் அந்நாட்டுத் தொழிற்பாதுகாப்பு அதிகாரிகள் இத்தகைய கதவுகளைப் பற்றி எச்சரிக்கைகள் வெளியிட்டனர். கன்றைக் காணாத தேர்ச்சக்கரத்தின் கதை திருவாரூரோடு முடிந்துவிடவில்லை.

கதவிலே நசுங்கக்கூடிய இடங்கள் எவை என்று வீட்டார் ஒருமுறை சுற்றி நடந்து எண்ணிப் பார்க்க வேண்டும். இரு கதவுகளும் சந்திக்கும் நடுவிளிம்பு ஒன்று. திறந்த கதவுக்கும் அதன் பின்னாலுள்ள மதிலுக்கும் நடுவே உள்ள இடம் இரண்டு. அங்கே ஒருவர் தடையின்றி நிற்கும் அளவுக்கு இடைவெளி விட வேண்டும். கதவின் அடியும் நிலமும் மூன்று. பிணைச்சற்பக்கம் நான்கு. எல்லாவற்றினும் கொடியது இந்த நான்காவதே. கதவு மூடும்பொழுது தூணுக்கும் கதவுச் சட்டத்துக்கும் நடுவே குறுகும் அவ்விடம் பாக்குவெட்டியைப் போன்றது. பிடிக்கு அருகே மெல்லிய விசை, வாயிலே பெரும் நசுக்கம். குழந்தையின் விரல் புகக்கூடிய அந்த இடைவெளியை வளையும் இறப்பர் மறைப்பால் மூடிவிட வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிரை ஒரு தூணிலிருந்து மறுதூணுக்கு அனுப்பி, அக்கதிர் மறிக்கப்பட்டால் கதவை நிறுத்தித் திருப்பும் ஒளியுணர் கருவி உண்டு. அதனை வாகனத்தின் உயரத்துக்கு மட்டும் வைத்தால், குனிந்து விளையாடும் பிள்ளை அதன் கீழே இருப்பான். தாழ்வாக ஒரு சோடியும், கதவு திறந்து வளையும் உட்பரப்பைக் காக்க மற்றொரு சோடியும் அமைக்க வேண்டும். சிலந்திவலையும் மழைச்சேறும் அதன் கண்ணை மறைக்கும். அப்பொழுது கதவு மூட மறுக்கும். அந்நேரம் துணிகொண்டு துடைப்பதே செய்யத்தக்கது. கருவியின் கம்பியைத் துண்டித்துவிட்டுக் கதவை மூடச் செய்தல் பெருங்குற்றம். தடை உணர்ந்து பின்வாங்கும் அமைப்பு மோட்டரிலேயும் இருத்தல் வேண்டும். ஒரு கண் தவறினாலும் மறு கண் காக்கும். கையடக்க ரிமோட்டும் ஒவ்வொரு முறையும் குறியீடு மாறும் வகையாக இருக்கட்டும். மாறாத குறியீட்டைப் பிறர் பதிவு செய்து கதவைத் திறக்க வழியுண்டு. அது குழந்தையின் விளையாட்டுப் பொருளாகவும் ஆகலாகாது. கதவு கண்ணிலே தெரியும் இடத்தில் நின்றன்றி அதனை அழுத்துவதில்லை என்பதை வீட்டு வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். குறித்த நேரத்தின்பின் தானே மூடும் ஏற்பாட்டைச் சிறுவர் உள்ள வீட்டார் விலக்கிவிடுவதே நன்று.

இன்னொரு செய்தி, மலைச்சரிவிலே வாழ்வோருக்கு மிக இன்றியமையாதது. 2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள், இதே கேகாலை மாவட்டத்து அரநாயக்கையில் மலை சரிந்து ஊர்ப்பகுதிகளை மூடியது. கடும் மழைக்காலங்களிலே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கைகளில் தெரணியகலையின் பெயரும் வருவதுண்டு. நள்ளிரவிலே வெளியேறுமாறு சொல்லப்படும்பொழுது மின்சாரம் இராது, பற்றரியும் ஓய்ந்திருக்கலாம். அப்பொழுது பூட்டிய கதவு வீட்டைக் காக்கும் கதவன்று. வீட்டாரைச் சிறைப்படுத்தும் கதவு. ஒவ்வொரு கதவு மோட்டருக்கும், அதனை விடுவித்துக் கதவைக் கையால் தள்ளுவதற்கான திறப்பு ஒன்று உண்டு. அத்திறப்பு எங்கே தொங்குகின்றது என்பதை ஆசிரியரும், அவர் மனைவியும், அயல்வீட்டாரும் அறிந்திருக்க வேண்டும். அறிந்திருந்தால் மட்டும் போதாது. மாதம் ஒருமுறை, கைவிளக்கின் ஒளியிலே, விடுவித்துப் பார்த்துப் பழகவும் வேண்டும். வாதம் பிடித்த விரலால் திருப்ப முடியாத திறப்பாக இருந்தால், வாங்குமுன்னரே வேறு வகையைத் தேர்தல் வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முந்திய பரிகாரம் ஒன்றை நம் முன்னோர் கண்டுவைத்திருக்கின்றனர். கோயிலின் பெருங்கதவிலே, ஒருவர் மட்டும் புகும் சிறு கதவு உண்டு. அதற்குத் திட்டிவாசல் என்று பெயர். வீட்டு வாயிலிலும் பெருங்கதவுக்குப் பக்கத்திலே, மோட்டர் தொடாத சிறு கதவு ஒன்று தனியே இருக்க வேண்டும். ஆள் நடப்பதற்கு அது, வாகனத்துக்குப் பெருங்கதவு. தபாற்காரரும், பால் கொண்டுவருபவரும், பாட்டியின் கையைப் பிடித்துக் கடைக்குப் போகும் பேரனும் சிறு கதவினாலேயே செல்வராயின், இயங்கும் கதவின் அருகே எவருக்கும் வேலையில்லை. ஆபத்தின் பெரும்பகுதி அதனாலேயே நீங்கிவிடுகின்றது.

இறுதியாக, இது எல்லார்க்கும் வேண்டிய பொருளா என்னும் கேள்வி. தோட்ட மக்களுக்குத் தனிவீடு அமைக்க ஏழு பேர்ச்சஸ் காணி என்னும் அளவு அண்மைக் காலங்களிலே வழங்கி வருகின்றது. அது ஏறக்குறைய 177 சதுர மீற்றர். லயத்து வாசலிலே கதவென்றும் மதிலென்றும் அறியாது வாழ்ந்த குடும்பம், தனக்கென ஒரு வாயிலை அமைக்கும்பொழுது அதிலே பெருமை கொள்வது இயல்பே. ஆனால் 3 மீற்றர் அகலமுள்ள ஒற்றைக் கதவு சுழல்வதற்கு 7 சதுர மீற்றர் நிலம் வெறுமையாகக் கிடக்க வேண்டும். அதையே இரட்டைக் கதவாக்கினால் அதிற் பாதி போதும். சிறு காணியிலே அந்நிலம் ஒரு கறிவேப்பிலைக்கும் நான்கு மிளகாய்ச் செடிக்கும் இடமாகும். உடல் வலிமை உள்ளோருக்கு, நன்றாகத் தொங்கும் இலேசான கதவே போதுமானது. முதுமையும் நோயும் உள்ள வீட்டிலேதான் இந்த இயந்திரம் ஆடம்பரமாக நில்லாது உதவியாக நிற்கின்றது.

ஆகவே, அந்த ஆசிரியரின் வீட்டிலே வேலை நடக்கவேண்டிய ஒழுங்கு இதுவாகும். முதலில் மேசனை அழைத்துத் தூணைப் பலப்படுத்திச் சிறு கதவை அமைத்தல். அடுத்து இரும்பு வேலை செய்பவரைக் கொண்டு தகட்டை நீக்கிப் பிணைச்சலை மாற்றுதல். அதன்பின் சில வாரம் கதவைக் கையாலேயே திறந்து மூடிப் பார்த்தல். ஒரு கையாலே இசைந்து செல்லும் கதவைக் கண்டு, இனி மோட்டரே வேண்டாம் என்று ஆசிரியர் சொன்னாலும் வியப்பில்லை. அப்பொழுது செலவு மிச்சம். வேண்டுமென்றால், மின்னியலாளர் வந்து கம்பி புதைத்து, மோட்டர் பூட்டி, ஒளியுணர் கருவிகளை வைக்கலாம். வேலை முடிந்த நாளிலே, ஓர் அட்டைப்பெட்டியைக் கதவின் வழியிலே, பேரனின் உயரத்துக்கு நிறுத்தி வைத்துக் கதவை மூடச் சொல்ல வேண்டும். பெட்டியைத் தொடுமுன்னரே கதவு நின்று திரும்பவேண்டும். பின்னர் அப்பெட்டியை நிலத்திலே கிடத்தியும், கதவின் பின்புறத்திலே வைத்தும் அதே சோதனையைச் செய்ய வேண்டும்.

அவ்வாறு மூன்று முறையும் கதவு திரும்புவதை அந்தப் பாட்டியார் தம் கண்ணாலே கண்ட பின்னரே, அதனை நிறுவியவருக்குரிய கூலியின் கடைசிப் பங்கைக் கொடுத்தல் தகும்.